கீழாநெல்லியில் ஃபில்லாந்தின்: இரண்டு ஆய்வறிக்கைகள் இரண்டு அளவு சொல்வது ஏன்?

வாசகர் கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் எங்கள் மகளிர் குழு இரண்டு ஏக்கரில் கீழாநெல்லி பயிரிட்டு, உலர்த்தி, ஒரு மூலிகை நிறுவனத்துக்குத் தருகிறது. இந்த முறை அவர்களுடைய ஆய்வகம் ஃபில்லாந்தின் 0.21 சதவீதம்தான் இருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைத்துவிட்டது. அதே அறுவடையில் எடுத்த இலையை நாங்கள் நகரத்தில் உள்ள ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தபோது 0.48 சதவீதம் என்று அறிக்கை வந்தது. எது சரி? நாங்கள் ஏமாற்றப்படுகிறோமா? மேலும், எங்கள் பாட்டி காலத்திலிருந்து கஷாயமாகவும் மோரில் அரைத்தும் குடித்த செடி இது. கஷாயத்தில் இந்த ஃபில்லாந்தின் இறங்குமா? நாங்களே பொடியாக்கிப் பொட்டலம் போட்டு, "ஃபில்லாந்தின் நிறைந்தது, காமாலையைக் குணப்படுத்தும்" என்று அச்சிட்டு விற்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு அறிக்கைகளின் நகலையும் பார்த்தேன். உங்கள் கேள்விக்கு நேரான விடை, இரண்டு எண்களும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதுதான். உங்கள் கடிதத்திலேயே அதற்கான காரணம் ஒரு சொல்லில் இருக்கிறது. நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பியது முழுச் செடி. நகரத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தது இலை. இவை இரண்டும் வேதியியலாளரின் கண்ணில் வெவ்வேறு பொருள்கள். இதை விரிவாக விளக்குவது அவசியம் என்று நினைக்கிறேன், ஏனெனில் மூலிகை பயிரிடும் பல குடும்பங்கள் இதே இடத்தில்தான் நஷ்டப்படுகின்றன.

ஃபில்லாந்தின் என்பது லிக்னான் என்னும் வகையைச் சேர்ந்த சேர்மம். 24 கார்பன், 34 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் கொண்டது. கீழாநெல்லியில் இதனோடு ஹைப்போஃபில்லாந்தின், நிரான்தின், நிர்டெட்ராலின் என்று இதன் உறவுச் சேர்மங்களும் இருக்கின்றன. இவை யாவும் எண்ணெய்ப் பசையுள்ள கரைப்பான்களில் நன்கு கரைபவை. தண்ணீரில் அரிதாகவே கரைபவை. ஜெரானின், கோரிலாஜின் ஆகிய டானின்களும், ரூட்டின் போன்ற ஃப்ளேவனாய்டுகளும், காலிக் அமிலமும் வேறொரு கூட்டம். அவை தண்ணீரை விரும்புபவை. ஒரே செடியில் இப்படி இரண்டு குணங்கொண்ட கூட்டங்கள் இருப்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கஷாயக் கேள்விக்கு வரும்போது இது தேவைப்படும்.

இந்த லிக்னான்கள் செடி முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. இலையில்தான் மிகுதி, தண்டில் மிகக் குறைவு, வேரில் அதைவிடக் குறைவு. கணக்காகப் பார்ப்போம். ஒரு வயலின் இலையில் 0.5 சதவீதமும் தண்டில் 0.05 சதவீதமும் ஃபில்லாந்தின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு கிராம் மாதிரியில் எண்பது கிராம் இலையும் இருபது கிராம் தண்டும் இருந்தால் மொத்த அளவு 0.41 சதவீதம் வரும். அதே வயலின் சரக்கில் நாற்பது கிராம் இலையும் அறுபது கிராம் தண்டும் இருந்தால் 0.23 சதவீதம்தான் வரும். மண் மாறவில்லை, விதை மாறவில்லை, மழை மாறவில்லை. இலைக்கும் தண்டுக்கும் உள்ள விகிதம் மட்டுமே மாறியிருக்கிறது. உங்கள் 0.48, 0.21 ஆகிய எண்களை இந்தக் கணக்கின் அருகில் வைத்துப் பாருங்கள்.

இலை எங்கே போயிற்று என்பது அடுத்த கேள்வி. கீழாநெல்லி காய்ந்ததும் அதன் சிற்றிலைகள் தொட்டாலே உதிரும். களத்தில் புரட்டும்போது ஒரு பகுதி உதிர்ந்து மண்ணோடு போகிறது. சாக்கில் கட்டி லாரியில் ஏற்றிக் குலுங்கிக்கொண்டே போகும்போது இன்னொரு பகுதி உதிர்ந்து சாக்கின் அடியில் தூளாகச் சேர்கிறது. கொள்முதல் செய்பவர் சாக்கின் வாயைத் திறந்து மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தால் அவர் கையில் வருவது பெரும்பாலும் தண்டுதான். இதில் யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. மாதிரி எடுக்கும் முறை தவறாக இருந்தாலே போதும், உழைப்பின் விலை பாதியாகிவிடும். ஆய்வகக் கருவி எத்தனை லட்சம் ரூபாய் பெறுமானது என்றாலும், அதற்குள் செலுத்தப்படும் சில கிராம் தூள் உங்கள் மொத்தச் சரக்கையும் பிரதிநிதிப்படுத்தவில்லையென்றால் அது தரும் எண்ணுக்கு வணிக மதிப்பு கிடையாது. நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அறிக்கையில் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களைக் கண்டதும் நாம் அனைவரும் அந்த எண்ணுக்கு முன்னால் வாயடைத்துப்போகிறோம்.

ஆகவே மாதிரியை இவ்வாறு எடுங்கள். எல்லாச் சாக்குகளிலிருந்தும், மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்தும் எடுத்து, சுத்தமான தார்ப்பாயில் கொட்டிக் குவியலாக்குங்கள். குவியலைத் தட்டையாக்கி நான்கு பாகமாகப் பகுத்து, எதிரெதிரான இரண்டு பாகங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சாக்குக்கே திருப்பிவிடுங்கள். தேவையான அளவு வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உதிர்ந்த தூளையும் தவறாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் கிடைப்பதை மூன்று பொட்டலங்களாக முத்திரையிட்டு, ஒன்றை நிறுவனத்துக்கும் ஒன்றை ஆய்வகத்துக்கும் கொடுத்துவிட்டு, மூன்றாவதை இரு தரப்பும் கையெழுத்திட்டு உங்களிடமே வைத்திருங்கள். கருத்து வேறுபாடு வந்தால் அந்த மூன்றாவது பொட்டலம் பேசும்.

மாதிரிக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது, வயலில் நிற்பது கீழாநெல்லிதானா என்பது. இதை உங்களைப் புண்படுத்தும் நோக்கில் கேட்கவில்லை. ஃபில்லாந்தஸ் பேரினத்தில் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் சிறு செடிகள் பல உண்டு. களையாக அவை ஒரே பாத்தியில் கலந்து முளைக்கும். லிக்னான் செறிந்த செடி ஃபில்லாந்தஸ் அமாரஸ். பழைய நூல்களும் இன்றும் சில நிறுவனங்களும் இதை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதுகின்றன. ஆனால் உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பது தாவரவியலாளர் வெப்ஸ்டர் 1950களில் செய்த வகைப்பாட்டுப் பணிக்குப் பின் தெளிவாயிற்று. நம் ஊரில் அமாரஸோடு எளிதில் கலந்துவிடுபவை ஃபில்லாந்தஸ் ஃப்ராட்டெர்னஸும் ஃபில்லாந்தஸ் டெபிலிஸும். சிவந்த தண்டும், ஏறத்தாழக் காம்பே இல்லாத சொரசொரப்பான காயும் கொண்ட ஃபில்லாந்தஸ் யூரினேரியாவும், மேலாநெல்லி எனப்படும் ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸும் சிறிது கூர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

அமாரஸையும் ஃப்ராட்டெர்னஸையும் பிரிக்க ஒரு கைலென்ஸ் போதும். பூ மிகச் சிறியது. இலைக்காம்பின் கணுவில் இலைக்குக் கீழே தொங்கும். அமாரஸில் பூவிதழ்கள் 5. ஃப்ராட்டெர்னஸிலும் டெபிலிஸிலும் 6. அமாரஸின் பல கணுக்களில் ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் சேர்ந்தே இருக்கும். அறுவடைக்கு முன் வயலின் பல மூலைகளிலிருந்து செடிகளைப் பிடுங்கி இதைச் சரிபார்த்து, மாற்றுச் செடி தென்பட்டால் களையெடுத்துவிடுங்கள். ஃப்ராட்டெர்னஸ் கலந்த அளவுக்கு ஏற்ப ஃபில்லாந்தின் எண் இறங்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் கீழாநெல்லிக்கான தாமலகி என்ற பெயரில் ஃப்ராட்டெர்னஸைத்தான் குறிக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் "கீழாநெல்லி" என்று மட்டும் எழுதாமல் தாவரவியல் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு செடியின் பெயரில் கொள்முதல் செய்து இன்னொரு செடியின் அளவுகோலால் அளப்பது நியாயமன்று.

விதை வாங்கும்போதும் இது பொருந்தும். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் இந்தச் செடியில் தேர்ந்த ரகங்களை வெளியிட்டிருக்கிறது. காட்டில் பொறுக்கிய விதையிலிருந்து வரும் பயிரில் செடிக்குச் செடி அளவு மாறுவது இயல்பு. சுமார் மூன்று மாதப் பயிரான இதை இலை பச்சையாகச் செறிந்திருக்கும்போது அறுத்து, நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்துங்கள். இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கியபின் அறுத்தால், எடை கிடைக்கும், சாரம் கிடைக்காது.

இனி ஆய்வகத்துக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலர்ந்த தூளை மெத்தனால் போன்ற கரைப்பானில் சாறெடுத்து, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் சி-18 என்னும் நிரப்பிய குழாயில் செலுத்துகிறார்கள். சாற்றில் உள்ள சேர்மங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். புற ஊதா ஒளியில், பெரும்பாலும் 230 நானோமீட்டரில், அவை ஒளியை உறிஞ்சும் அளவைக் கருவி ஒரு முகடாக வரையும். தூய ஃபில்லாந்தினின் முகட்டோடு ஒப்பிட்டு அளவைக் கணக்கிடுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, ஃபில்லாந்தினும் ஹைப்போஃபில்லாந்தினும் அடுத்தடுத்து வெளிவருபவை என்பது. முறை சரியாக அமைக்கப்படாவிட்டால் இரண்டு முகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஃபில்லாந்தின் கூடுதலாகத் தோன்றும். தட்டில் பிரித்தெடுக்கும் எச்.பி.டி.எல்.சி. முறையிலும் இதே எச்சரிக்கை தேவை. பிரித்தெடுக்காமல் வெறும் நிறமாலைமானியில் மொத்தச் சாற்றையும் அளந்து "ஃபில்லாந்தின்" என்று எழுதித் தரும் அறிக்கையை ஏற்க வேண்டாம். அதில் ஒளியை உறிஞ்சும் மற்றப் பொருள்கள் யாவும் சேர்ந்துவிடும்.

உங்கள் நகரத்து அறிக்கையில் நான் காணாத விவரங்கள் மூன்று. எந்தக் கருவியில் எந்த முறைப்படி அளந்தார்கள் என்பது இல்லை. அளவு ஈரப்பதத்தைக் கழித்தபின் கணக்கிட்டதா, இல்லையா என்பதும் இல்லை. 12 சதவீத ஈரமுள்ள தூளில் 0.40 என்று வந்தால், உலர் எடைக் கணக்கில் அது 0.45 ஆகும். எண் ஃபில்லாந்தினுக்கு மட்டுமா, ஹைப்போஃபில்லாந்தினையும் கூட்டியதா என்பதும் தெளிவாக இல்லை. இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முகடுகள் வரைந்த தாளின் நகலையும் கேளுங்கள். நேர்மையான ஆய்வகம் எதுவும் இதைத் தர மறுக்காது. நிறுவனத்தின் அறிக்கையிலும் அதே விவரங்களைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இப்போது கஷாயம். தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டும்போது இறங்குபவை பெரும்பாலும் டானின்களும் ஃப்ளேவனாய்டுகளும்தான். நீண்ட நேரம் கொதிக்கும்போது ஜெரானின் சிதைந்து கோரிலாஜின், எல்லாஜிக் அமிலம், காலிக் அமிலம் என்று மாறவும் செய்கிறது. ஃபில்லாந்தின் தண்ணீரில் கரையாததால் அதன் பெரும்பகுதி வடிகட்டியில் எஞ்சும் சக்கையோடு போய்விடும். உங்கள் பாட்டி பச்சை இலையை அரைத்து மோரிலோ பாலிலோ கலக்கி விழுதாகவே உட்கொள்ளக் கொடுத்தபோது நடந்தது வேறு: அதில் எதுவும் வடிகட்டப்படவில்லை, லிக்னான், டானின் இரண்டு கூட்டமும் உள்ளே போயின. ஆக, கஷாயமும் விழுதும் ஒரே செடியிலிருந்து வந்தாலும் உள்ளடக்கத்தில் ஒன்றல்ல.

அப்படியானால் கஷாயம் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கீழாநெல்லியை உலகம் திரும்பிப் பார்க்கவைத்த ஆய்வுகளைச் சற்று நினைவுகூர்கிறேன். ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் செடியின் தண்ணீர்ச் சாறு அந்த வைரஸ் பெருக உதவும் ஒரு நொதியைச் சோதனைக்குழாயில் தடுப்பதைக் காட்டியது. கவனியுங்கள்: தண்ணீர்ச் சாறு, அதாவது ஃபில்லாந்தின் அரிதாகவே இருக்கும் சாறு. மறுபக்கம், 1985இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஃபில்லாந்தினும் ஹைப்போஃபில்லாந்தினும் நச்சுப்பொருளால் எலியின் கல்லீரல் செல்களுக்கு நேரும் சேதத்தைக் குறைத்தன. இரண்டும் வெவ்வேறு செயல்கள், வெவ்வேறு சேர்மங்கள். ஆகவே ஃபில்லாந்தின் அளவை இந்தச் செடியின் மொத்தப் பயனுக்கான அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. அது செடியை அடையாளம் காணவும், ஒரு தொகுதிச் சரக்கை இன்னொரு தொகுதியோடு ஒப்பிடவும் நாம் தேர்ந்துகொண்ட குறிப்புப் பொருள். ஆதார் அட்டை எண் ஒருவர் யார் என்று சொல்லுமே தவிர, அவர் எவ்வளவு உழைப்பாளி என்று சொல்லாததைப் போன்றது.

பொட்டலத்தில் அச்சிடுவது பற்றிய உங்கள் கேள்விக்கு இதன் தொடர்ச்சியாகவே விடை சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் பிளம்பர்க்கும் மற்றவர்களும் இணைந்து 1988இல் லான்செட் இதழில் ஒரு மருத்துவச் சோதனையை வெளியிட்டார்கள். ஹெப்படைட்டிஸ் பி வைரஸை நாட்பட்டுச் சுமந்தவர்களுக்கு, வேர் நீக்கிய அமாரஸ் செடியின் பொடி 200 மில்லிகிராம் கேப்சூலாக நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் தரப்பட்டது. பொடி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் பின்னர் காணப்படவில்லை. வெற்று கேப்சூல் எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது. நம் மண்ணின் செடிக்குக் கிடைத்த அந்த முடிவைப் படித்து மகிழாத தமிழ் மருத்துவ உலகத்தவர் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் தாய்லாந்து, நியூசிலாந்து முதலான இடங்களில் பிறகு நடந்த சோதனைகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. 2011இல் வெளியான, பல சோதனைகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட்ட காக்ரேன் தொகுப்பாய்வும், வெற்று மருந்தைவிட இது மேலானது என்று சொல்ல நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே முடித்தது. செடியின் இனம், விளைந்த இடம், பொடி செய்த முறை, நோயாளிகளின் நிலை எல்லாம் மாறுபட்டிருக்கலாம் என்ற விவாதம் உண்டு. அந்த விவாதத்தைத் தீர்க்கத்தான் நம்மைப் போன்றோரின் வேதியியல் அளவீடு தேவைப்படுகிறது. தீராத வரையில் "குணப்படுத்தும்" என்ற சொல்லை எழுத நமக்கு உரிமை இல்லை.

அளவையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்தச் சோதனையில் நாளொன்றுக்கு உட்கொண்ட பொடி 600 மில்லிகிராம். அதில் ஃபில்லாந்தின் 0.5 சதவீதம் இருந்ததாகக் கொண்டாலும் 3 மில்லிகிராம்தான் ஆகிறது. "ஃபில்லாந்தின் நிறைந்தது" என்ற வாசகம் படிப்பவர் மனத்தில் எழுப்பும் எண்ணத்துக்கும் இந்த அளவுக்கும் வெகுதூரம்.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது, நிற்க வேண்டியதும்கூட. சித்த மருந்தாக விற்க உற்பத்தி உரிமம் தேவை. காமாலை, கல்லீரல் நோய்கள் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக உரிமை கோருவதை மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுக்கிறது. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கண் மஞ்சளாவது ஒரு நோயன்று, பல நோய்களின் அறிகுறி. ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். அந்நேரம் குடித்த மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடும். ஆனால் பித்தநாளத்தில் கல் அடைத்தோ, கட்டி அழுத்தியோ, கல்லீரல் செயலிழந்தோ கண் மஞ்சளானவர் உங்கள் பொட்டலத்தை நம்பி இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்த நாட்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது. உங்கள் குழுவில் யார் வீட்டில் காமாலை வந்தாலும் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சித்த மருத்துவரிடம் போவதானாலும் அந்த அறிக்கையோடு போகட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் செடி சாலையோரத்திலும் சாக்கடை வாய்க்கால் கரையிலும்கூடச் செழிப்பாக வளரும். ஃபில்லாந்தின் நிறைய இருக்கும் செடியில் ஈயமும் இருக்கலாம். முதல் எண் இரண்டாவதைப் பற்றி எதுவும் சொல்லாது. நம் நாட்டு மருந்துகளுக்கான வரம்பு ஈயம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. வருடத்துக்கு ஒருமுறையேனும் இந்த நான்கையும், அமிலத்தில் கரையாத சாம்பலின் அளவையும் சோதித்து வையுங்கள். பின்னது சரக்கில் எவ்வளவு மண்ணும் மணலும் ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டும். வரப்பிலும் சாலையோரத்திலும் பறித்த செடியை வயல் சரக்கோடு சேர்க்காமல் இருக்கும்படி குழுவினரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நிறுவனத்தோடு பேசப் போகும்போது சண்டைக்கு அல்லாமல் புதிய ஒப்பந்தத்துக்குப் போங்கள். தாவரவியல் பெயர், சரக்கு முழுச் செடியா அல்லது இலை மட்டுமா, முழுச் செடியானால் தண்டின் அளவுக்கு ஒரு வரம்பு, மாதிரியை இரு தரப்பும் சேர்ந்து எடுப்பது, எச்.பி.எல்.சி. முறை, உலர் எடைக் கணக்கு ஆகியவை அதில் எழுத்தில் இருக்கட்டும். இலையைத் தனியே உதிர்த்துச் சலித்து, இலைக்கு ஒரு விலையும் தண்டுக்கு வேறு விலையும் கேட்டுப் பாருங்கள். தார்ப்பாயில் உலர்த்தி உதிர்ந்ததைச் சேர்த்தாலே இந்த வேலை பாதி முடிந்துவிடும். இப்போது சர்ச்சையில் உள்ள சரக்கு இன்னும் கிடங்கில் இருந்தால், நான் மேலே சொன்னபடி நான்காகப் பகுத்து எடுத்த மாதிரியை இரண்டு ஆய்வகங்களுக்கும் மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். அப்படி எடுத்த ஒரே மாதிரியிலும் இரண்டு அறிக்கைகள் வெகுவாக விலகினால், மூன்றாவது பொட்டலத்தைத் தரச்சான்று பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அந்த அறிக்கையையும் முகடுகள் வரைந்த தாளையும் எனக்கு அனுப்பினால் படித்து விளக்கி எழுதுகிறேன்.